மைட்டோகாண்ட்ரியாவாகப் போன ரிசப்ஷன் சேலை

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரியக் காரணம், அந்த நேரத்தை நானே என் கையால் எழுதியதுதான். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட வாசலில், செக்யூரிட்டி நீட்டிய நோட்டில். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, கையில் என்ன பொருள். கடைசிக் கட்டத்தில் 'சேலை 1 (சொந்தம்)' என்று எழுதினேன். அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது பொய். சொந்தமா இரவலா என்று நோட்டு கேட்கவே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், கேட்காத இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள்.

என் வேலை சேலை மடிப்பது. விழுப்புரத்தில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே. கல்யாணப் பெண்கள், அவர்களின் அக்கா தங்கைகள் எல்லாரும் முந்தின நாளே சேலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் கொசுவத்தையும் முந்தானையையும் அளந்து மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, முத்துத் தலை வைத்த குண்டூசி குத்தி, ஐந்தரை மீட்டர் பட்டை ஒரு ஸ்வீட் பெட்டிக்குள் அடக்கிக் கொடுப்பேன். பெண் அதை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். சேலையை வாங்கும்போதே உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு குத்திவிடுவேன்: யாருடையது, எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு. (பி.காம். படித்துவிட்டு இந்த வேலையா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இந்த வேலைதான்.)

என் மகள் இலக்கியா பதினோராம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அந்தத் திண்டிவனம் பள்ளியின் விடுதியில் இருக்கிறாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் விடுதிக்குள் செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறை போனில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் சனிக்கிழமையே போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சு இப்படிப் போகும்:

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"என்ன சாப்ட?"

"சாப்பாடு."

மீதி ஒன்பதரை நிமிடத்துக்கு என்ன பேசுவது? அதற்காகத்தான் அவளுடைய உயிரியல் புத்தகத்தில் நானும் ஒரு பிரதி வாங்கினேன். இந்த வாரம் எந்தப் பாடம் என்று கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை முதல் இஸ்திரி மேசையில் விரித்து வைத்து அதையே நானும் படிப்பேன். ஒரே பக்கத்தை இரண்டு ஊரில் இரண்டு பேர் திறந்து வைத்திருப்பது ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதுபோல என்று ஒரு நினைப்பு. செல் பாடம் வந்தபோது கோல்கை உறுப்பு என்ற பெயரை மனப்பாடம் செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. மைட்டோகாண்ட்ரியா மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது. படத்தைப் பார்த்தேன். வெளியே வழவழப்பான ஒரு உறை. உள்ளே இன்னொரு உறை, அது பெரியது. இடம் போதாமல் மடிந்து மடிந்து கிடக்கிறது. அடடா, இது நம்ம வேலையாச்சே என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதியில் சேர்த்த அன்று படிவத்தை இலக்கியாதான் நிரப்பினாள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில், அவளுடைய குண்டு குண்டு எழுத்தில், 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த ஒரு சொல்லை இஸ்திரி போட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அதனால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளாகவே பேச ஆரம்பித்தபோது போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, சனிக்கிழமை எக்ஸிபிஷன். நான் மைட்டோகாண்ட்ரியா பண்ணிக்கினு இருக்கேன். வெளிச்சவ்வு கெடச்சிடுச்சு. உட்சவ்வு தான் வரமாட்டேங்குது. சார்ட் பேப்பர மடிச்சா மடிச்ச எடத்துல கிழியுது. பேஜாரா இருக்கு."

"துணியில பண்ணு."

"அதுக்குத் தான் கேக்கறேன். நீ ஒரு பழைய சேலைய எடுத்துக்கினு வந்து, எல்லார் முன்னாடியும் மடிச்சு வைக்கிறியா?"

எல்லார் முன்னாடியும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் ஏறவில்லை. பழசாக, வீணாய்ப்போனால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாளாம். அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பீரோவைத் திறந்தேன். என்னிடம் இருந்த பழைய சேலைகள் மூன்று. ஒன்றில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது (தொழிலுக்கு நல்ல விளம்பரம்). ஒன்று துவைத்துத் துவைத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. மூன்றாவதில் எலி உட்சவ்வு வெளிச்சவ்வு எல்லாவற்றையும் கடித்திருந்தது. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் அத்தனை பேர் முன்னால் என் மகளை நிற்க வைப்பதா?

மேசைமேல் பிரேமாவின் தங்கையுடைய ரிசப்ஷன் சேலை இருந்தது. பிரேமா அடுத்த தெரு. எதிலும் கறாரான பெண். முந்தின நாள்தான் கொடுத்துவிட்டுப் போனாள். திராட்சை நிறப் பட்டு, கை அகலச் சரிகை. அன்று மாலை ஆறரைக்கு ரிசப்ஷன், ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாள். நான் கணக்குப் போட்டேன். பத்து மணிக்குத் திண்டிவனம், மத்தியானத்துக்குள் வீடு. மடிக்கத்தானே கொடுத்தார்கள், நானும் மடிக்கத்தானே எடுத்துப் போகிறேன்? இந்த வாதத்தை எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம் என்று அப்போது தோன்றியது.

செருப்பு மாட்டும்போது என் கணவர் கேட்டார். "எங்க இவ்ளோ ஜல்தியா?"

"ஒரு சேலை மடிக்கணும். திண்டிவனத்துல."

"ஏன், விழுப்புரத்துல சேலையெல்லாம் தீந்துபோச்சா?"

பள்ளியின் பெரிய ஹாலில் மேசை மேசையாகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். இலக்கியாவைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள். இடது கன்னத்தில் ஒரு பரு. பரு எல்லாம் போனில் தெரியாது. பக்கத்தில் அவள் தோழி சந்தியா, மரக்காணத்துப் பெண். அவள் அப்பா கடலிலிருந்து வந்தால் மீனை ஐஸ் போட்டு வைக்கிற பெரிய தெர்மாகோல் பெட்டிதான் வெளிச்சவ்வு. அதை அழகாக நீள்வட்டமாகச் செதுக்கியிருந்தார்கள்.

"மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டோம் ஆண்ட்டி," என்றாள் சந்தியா, நான் மூக்கைத் தொட்டதைப் பார்த்து.

இலக்கியா சேலையைத் தடவினாள். "இது பட்டா? நீ கட்டி நான் பாத்ததே இல்லயே."

"பழசு டி. என்னுது தான். கட்டிக்கினு போற மாதிரி என்னை யாரு கூப்புடுறாங்க?"

அன்றைய இரண்டாவது பொய். இதையும் சரளமாகச் சொன்னேன்.

மேசைமேல் சேலையை விரித்து மடிக்கத் தொடங்கினேன். நான் கல்யாண வீடுகளில் மடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லாரும் நகையைப் பார்ப்பார்கள். இங்கே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். விரல் நான்கின் அகலம், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஐந்தரை மீட்டர் அந்தப் பெட்டிக்குள் அடங்கியது. மடிப்பு ஓரங்களில் முத்துக் குண்டூசிகளை வரிசையாகக் குத்தியதும் இலக்கியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! ஏ சந்தியா, பாரேன்டி, இது அப்படியே ஆக்ஸிசோம். காம்பு, மேல உருண்டைத் தலை. இதுங்க தான் செல்லுக்குச் சக்தி குடுக்கிற ஏ.டி.பி.ய செய்யிற எடம்."

எனக்கும் தெரியும், பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தோளில் அந்தக் கை இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குத்தான் நடுவர் வந்தார். வேறு பள்ளியின் உயிரியல் ஆசிரியர், சட்டைப் பையில் நாலு பேனா. குனிந்து பார்த்தார். ஒரு பென்சிலை எடுத்து மடிப்புகளுக்கு நடுவில் விடப் பார்த்தார். போகவில்லை.

"மடிப்பு பிரமாதம்ங்க. ஆனா இது செத்துப்போன மைட்டோகாண்ட்ரியா."

பென்சிலால் மடிப்பைத் தட்டிக் காட்டினார்.

"மடிக்கிறது எதுக்கு? சின்ன எடத்துல பெரிய பரப்பு வேணும், அதுக்கு. அந்தப் பரப்பு மேல தான வேலை நடக்குது. ஹைட்ரஜன் அயனிங்கள உள்ளேர்ந்து தள்ளித் தள்ளி ரெண்டு சவ்வுக்கும் நடுவுல குமிய வைக்கணும். குமிஞ்சதுங்க முண்டியடிச்சிக்கினு இந்தக் குண்டூசி வழியா உள்ள திரும்பி வரும்போது தான் ஏ.டி.பி. உண்டாகும். நீங்க அமுக்கி வச்சிட்டீங்க. ஒரு பக்கம் அயனி குமியவும் எடமில்ல, இன்னொரு பக்கம் உள்ள இருக்கிற கூழு, மேட்ரிக்ஸ், அது நிக்கவும் எடமில்ல. காத்தாட விடுங்க."

இத்தனை வருஷமாக, மடிப்புக்கு நடுவில் காற்றுகூடப் போகக் கூடாது என்று அமுக்கி அமுக்கிப் பேர் வாங்கியவள் நான். அந்தத் திறமை ஒரு உயிரைக் கொன்றிருக்கிறது. குண்டூசிகளைத் தளர்த்தி, ஒவ்வொரு மடிப்பாக விரலை விட்டுத் திறந்தேன். இப்போது படத்தில் இருக்கிற மாதிரியே அலை அலையாக நின்றது. உண்மையிலேயே அழகாக இருந்தது.

"இப்ப ஊத்தலாம்டி," என்றாள் சந்தியா.

அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குவாளி மேலே வந்ததைப் பார்த்தேன். உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி. கேசரிப் பொடி போட்டு ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. மேட்ரிக்ஸ்.

எனக்கு வாய் திறந்தது. அதே நேரம் நடுவர் இலக்கியாவிடம் கேட்டார்: "சரி, நம்ம உடம்புல இருக்கிற மைட்டோகாண்ட்ரியா யார்கிட்டேர்ந்து வருது?"

"அம்மாகிட்டேர்ந்து மட்டும் தான் சார்."

"இவங்க யாரு?"

"எங்க அம்மா சார். சேலை மடிக்கிறவங்க. விழுப்புரத்துல கல்யாணம்னா இவங்க மடிப்பு தான் சார்."

ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். தூக்கு சாய்ந்தது.

நிறுத்து என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்து, இது என்னுது இல்ல என்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு, பிரேமா தங்கையின் ரிசப்ஷன் பட்டின்மேல் ஆரஞ்சுக் கஞ்சி இறங்குவதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. பல்வலிக்காரி போல இருக்கிறேன்.

"உட்சவ்வு ரொம்பக் கறாரு," என்று நடுவர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "லேசுல எதையும் விடாது."

என் உட்சவ்வு எல்லாவற்றையும் விட்டது. கஞ்சி அந்தப் பக்கம் போய், பெட்டியின் அடிவரைக்கும் போய், மூன்று தடவை சோப்பு போட்டும் போகாத மீன் வாசனையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. முதல் பரிசு எரிமலைக்குப் போனது. (எப்போதும் எரிமலைக்குத்தான் போகும்.)

நடுவர் நகர்ந்ததும் சேலையை வாரிக்கொண்டு, மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு ஓடினேன். கஞ்சி காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். இது என் தொழில், கை தானாகச் செய்தது. பிழிந்துகொண்டிருந்தபோது இலக்கியா வந்து நின்றாள்.

"இரும்மா. மெஸ்ல இன்னிக்கு நல்லாருக்கும். சாப்டு போயேன்."

இரண்டு வருஷமாக, பெற்றோர் பார்க்க வரும் நாளெல்லாம், மணி அடிக்கும் முன்பே 'சரி நீ கெளம்பு' என்பதுதான் அவள் எனக்குச் சொன்ன சொல். இரும்மா என்ற சொல் வந்த அன்றைக்கு என் கையில் அடுத்தவர் சேலை ஈரமாகத் தொங்குகிறது. ஐந்து மணிக்குப் பிரேமா வருவாள். "வேலை இருக்குடி," என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தத் தலையாட்டல்தான் கண்ணில் நின்றது. போய் அவளோடு ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கலாம். பட்டு போனது போனதுதானே. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

விழுப்புரம் பஸ் பாதி காலியாக இருந்தது. சேலையை மடியில் வைத்தால் காயாது. ஜன்னலில் பிடித்தால் லாரியில் மாட்டும். முன் சீட்டில் மல்லாட்டை மூட்டையோடு (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை) இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்னா, பட்டு நனைஞ்சிடுச்சா? இப்படிக் குடு, ஒரு முனைய நான் புடிச்சிக்கிறேன்."

அவர் பிடித்தார். அடுத்த சீட்டுக் காலேஜ் பெண் ஒரு இடத்தில் பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் நடுவில் பிடித்தார்கள். சீட்டுக் கம்பிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று சேலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை வளைந்து வளைந்து நின்றது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கண்டக்டர் முன்படியிலேயே நின்றுவிட்டார்.

"யக்கா, நான் எப்படிப் பின்னாடி போறது? டிக்கெட் போடணும்ல?"

"மடிப்பு வழியா வளைஞ்சு போப்பா. காலு என்ன சுளுக்கிக்குமா?" என்றார் மல்லாட்டைக்காரம்மா.

அவரும் சேலையை ஒட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து, திரும்பி, மறுபடி நுழைந்து போனார். ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு வளைவிலும் நின்று மெஷினில் ஒரு டிக்கெட் கிழித்தார். நேராக நடந்தால் பத்தே எட்டில் தீர்கிற பஸ் அது. மடிப்போடு நடந்தால் நாற்பது எட்டு. பஸ் நீளவில்லை. வெளித்தகரம் அதே தகரம்தான். உள்ளே மட்டும் வேலை செய்ய அத்தனை இடம் எங்கிருந்தோ வந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தில் படம் பார்த்தும், நடுவர் சொல்லிக் கேட்டும் முழுதாகப் பிடிபடாதது, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுகிறபோது பிடிபட்டது. நாங்கள் எல்லாரும் ஒரு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உட்கார்ந்திருந்தோம். இதை உடனே இலக்கியாவிடம் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. சொல்ல வழியில்லை. அடுத்த ஞாயிறு பத்து நிமிடத்தில், ம், சாப்பாடு என்பதற்கு நடுவில், இந்தப் பஸ்ஸை எப்படி நுழைப்பது? முகத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டேன். (அங்கேதான் அவ்வளவு சேலை இருந்ததே.)

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை. ஆரஞ்சுக் கறை ஒரு சாண் மட்டும் மிச்சம். இடுப்புக்குள் செருகுகிற உள்மடிப்பில் அது போய் விழும்படி கொசுவத்தை மாற்றி எடுத்தேன். வெளியே ஒரு பொட்டு தெரியாது. வாசனைக்குத்தான் மருந்தில்லை. சாம்பிராணி போட்டேன், ரெண்டு முழம் மல்லிகையைப் பெட்டிக்குள் வைத்தேன். என் கணவர் வந்தார், மூச்சை இழுத்தார், முகம் மலர்ந்தது.

"மீன் வாங்கினியா?"

ஐந்து மணிக்குப் பிரேமா வந்தாள். பெட்டியைத் திறந்தாள்.

"என்னாக்கா, மீன் வாசனை அடிக்குது?"

"பக்கத்து வீட்டுல," என்றேன். மூன்றாவது பொய்.

அவள் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "உள்ள சீட்டு இல்லயே. எப்பவும் குத்துவீங்களே. இது எங்க சேலை தானா?"

சீட்டு. காலையிலிருந்து அதை நான் நினைக்கவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிரேமா பத்து நிமிடம் திட்டினாள். அதில் ஒரு சொல்கூட அநியாயமில்லை. சேலையை எடுத்துக்கொண்டும் போனாள், வேறு வழியில்லை. கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன், பெண் தேவதையாக நிற்கிறாள். வாசனை ஆல்பத்தில் வராது. இப்போதும் அவர்கள் வீட்டுச் சேலை எனக்குத்தான் வருகிறது. "மடிக்க மட்டும் தான்க்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டில் மார்க் ஷீட் வந்தாலும், சாம்பார் கெட்டாலும், ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் என் கணவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல கஞ்சி யாருது, மடிப்பு யாருது?" இலக்கியா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, அதே விடுதி, அதே பத்து நிமிடம். நான் அவளுடைய புதுப் புத்தகத்திலும் ஒரு பிரதி வாங்கிவிட்டேன்.

அந்தக் கேள்வி பிறந்தது அப்போதுதான், பிரேமா பெட்டியோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது. நான் நான்காவது பொய்க்கு வாயைத் திறந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

இலக்கியா. யூனிஃபார்மோடு, வியர்த்து வழிந்துகொண்டு. தெர்மாகோல் பெட்டியைக் கழுவும்போது அடியில் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். வார்டனிடம் காட்டி, அனுமதி வாங்கி, முதன்முறையாகத் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் ஆரஞ்சு நிறத்தில் ஊறிப்போன ஒரு துண்டுச் சீட்டு, அதில் என் எழுத்து: பிரேமா தங்கச்சி, ரிசப்ஷன், சனி மாலை 6.30.

தனியாவா வந்த என்று கேட்கப் போனேன். அதற்குள் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பெட்டியில் இருந்து ஒரு முத்துக் குண்டூசியை எடுத்தாள். சீட்டை அது இருக்க வேண்டிய மடிப்பில் குத்தினாள். பிறகு பிரேமாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, கஞ்சி என்னுது. மடிப்பு எங்க அம்மாது."